தறியோசையும் செவியும்

பல்லடம், மங்கலம், சோமனூர் ஆகிய ஊர்களின் வழியே பேருந்தில் செல்வோர், ஊர்ப்பெயர்ப் பலகையைப் பார்ப்பதற்கு முன்பே அவ்வூர்களின் தொழிலை அறிந்துகொள்வர். நீண்ட கூடங்களிலிருந்து ‘தடக் தடக்’ என்னும் ஓசை இடையறாது எழுந்து சாலை வரை வந்து சேரும். விசைத்தறியில் நாடா ஒருபுறமிருந்து மறுபுறம் எறியப்படும் ஒவ்வொரு முறையும் பிறக்கும் ஓசை அது. ஒரு கூடத்துக்குள் பல தறிகள் ஒரே நேரத்தில் ஓடும்போது, அங்கே பேச்சுக்கு இடமில்லை. பணிபுரிவோர் கையசைவாலும் முகக்குறிப்பாலும் உதட்டசைவாலும் தம் கருத்தைப் பரிமாறிக்கொள்கின்றனர். இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளிலும் இவ்வாறே நெசவாளர்கள் உதட்டசைவால் உரையாடினர். ‘மீ-மாயிங்’ என்று அதற்கொரு பெயரும் இருந்தது. கடல் கடந்த இரு ஊர்களில், ஒரே தொழில் ஒரே பழக்கத்தை உண்டாக்கியிருக்கிறது.

வேலை நேரத்தில் பேசாமலிருப்பது தொழிலுக்கேற்ற ஏற்பாடு. ஆனால், அதே தொழிலாளி வீடு திரும்பிய பிறகும், அடுக்களையிலிருந்து மனைவி அழைப்பது கேளாமல் அமர்ந்திருந்தால், பேரக்குழந்தை சொல்லும் சொற்கள் அவருக்கு வெறும் ஓசையாக மட்டுமே எட்டினால், அதனை வீட்டார் பெரும்பாலும் கவனக்குறைவு என்றே எண்ணுகின்றனர். ‘கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை’ என்னும் குறை, மருத்துவமனையின் வாயிலுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. இரைச்சலால் விளையும் கேள்திறன் இழப்பு அவ்வளவு அமைதியாக வரும் நோய். வலியால் தன்னை அறிவிக்காத ஒரு நோயைத் தேடிச் சென்றுதான் கண்டறிய வேண்டும். அத்தேடலில் பலவேளைகளில் முதலில் நிற்பவர் செவிலியர். அவர் எதைக் கேட்கிறார், எதைப் பார்க்கிறார், எதைக் கொண்டு முடிவுக்கு வருகிறார் என்பதை அறிந்துகொள்வோம்.

ஐந்தாம் அறிவு

தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டு வகைப்படுத்துகிறது. உடலால் உணரும் தொடுஉணர்வை முதலாவதாக வைத்து, சுவை, மணம், காட்சி எனப் படிப்படியாக ஏறிச் செவியால் அறிவதை ஐந்தாவதாக வைக்கிறது. மனத்துக்கு முந்திய படியில் நிற்பது செவி. திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குக் ‘கேள்வி’ என்றே பெயர். கேட்டல், வினவுதல் ஆகிய இரண்டையும் ‘கேள்வி’ என்னும் ஒரே சொல் குறிப்பது தமிழின் நயம். செவியைச் சோதிக்கும் செவிலியருக்கு அவ்விரண்டும் தேவைப்படுகின்றன.

செவி மூன்று பகுதிகளை உடையது. காது மடலும், ஏறத்தாழ இரண்டரைச் சென்டிமீட்டர் நீளமுள்ள செவிக்குழாயும் புறச்செவி. குழாயின் முடிவில் செவிப்பறை ஒரு மெல்லிய தோல் முரசுபோல் விறைத்து நிற்கிறது. அதற்கு அப்பால் நடுச்செவி. அங்கே சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் சங்கிலிபோல் இணைந்து, பறையின் அதிர்வை உள்ளே கடத்துகின்றன. உட்செவியில் நத்தையின் கூடுபோல் சுருண்ட காக்ளியா உள்ளது. நீர்மம் நிறைந்த அச்சுருளில் ஏறத்தாழப் பதினைந்தாயிரம் மயிரிழைச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. அதிர்வை நரம்பின் மொழிக்கு மாற்றுபவை அவையே.

ஒலி காக்ளியாவுக்குள் ஓர் அலையாக ஓடுகிறது என்பதையும், அவ்வலை உச்சம் பெறும் இடம் ஒலியின் அதிர்வெண்ணுக்கேற்ப மாறுகிறது என்பதையும் கண்டறிந்தவர் ஹங்கேரியில் பிறந்த கியார்க் வான் பெக்கேசி. 1961ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. சுருளின் நுழைவாயிலுக்கு அருகில் உள்ள செல்கள் உச்ச ஒலிகளையும், சுருளின் உள்முனையில் உள்ளவை தாழ்ந்த ஒலிகளையும் ஏற்கின்றன. ஆர்மோனியத்தின் கட்டைகளைச் சுருட்டி வைத்ததுபோல் இவ்வமைப்பைக் கருதலாம். இதனை நினைவில் கொண்டால் பின்னர் வருவது எளிதில் விளங்கும்.

மனிதனின் மயிரிழைச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கோழிக்குஞ்சு போன்ற பறவைகளுக்கு அவை மீண்டும் முளைக்கின்றன என்று 1980களில் கண்டறியப்பட்டது. ஓசையால் செவியிழந்த ஒரு குஞ்சு சில வாரங்களில் மீண்டும் கேட்கத் தொடங்கும். முப்பது ஆண்டுகள் தறி ஓட்டியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இரைச்சல் என்ன செய்கிறது?

ஒலியின் வலிமையை டெசிபல் என்னும் அலகால் அளக்கின்றனர். இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல். இவ்வலகு நாம் பழகிய படிக்கோல்போல் ஏறுவதில்லை. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் ஏறத்தாழ இருமடங்காகிறது. பத்து டெசிபல் கூடினால் பத்து மடங்காகிறது. எனவே, 90 டெசிபல் கூடத்துக்கும் 100 டெசிபல் கூடத்துக்கும் உள்ள வேறுபாட்டை ‘பத்துதானே’ என்று கடந்துவிட இயலாது. நமது நாட்டின் தொழிற்சாலை விதிகள் நாளொன்றுக்கு எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபலை எல்லையாக வைத்துள்ளன. 95 டெசிபலில் நான்கு மணி நேரமும், 100 டெசிபலில் இரண்டு மணி நேரமும் மட்டுமே பணிபுரியலாம். அமெரிக்காவின் தொழில்சார் நல ஆய்வு நிறுவனமோ 85 டெசிபலே எட்டு மணி நேரத்துக்கு உரிய எல்லை என்று பரிந்துரைக்கிறது.

திருப்பூர் வட்டாரத்தில் எல்லாத் தொழிற்கூடமும் ஒரே அளவு இரைச்சல் உடையதன்று. பனியன் கம்பெனிகளில் தையல் நடைபெறும் பகுதி ஓரளவு தாழ்ந்த ஓசை உடையது. வட்டப் பின்னல் எந்திரங்கள் ஓடும் நிட்டிங் கூடம் அதனினும் மிகுதி. நூற்பாலையில் ரிங் பிரேம் ஓடும் பகுதி அதற்கும் மேல். நாடா எறியும் பழைய விசைத்தறிக் கூடமே எல்லாவற்றினும் உச்சம். இத்தகைய கூடங்களில் ஓசை 95 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். அளவுமானி கையில் இல்லாதபோதும் ஒரு சோதனை உண்டு. கைநீட்டும் தொலைவில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அவ்விடம் செவிக்குத் தீங்கு செய்யும் அளவை எட்டிவிட்டது என்று கொள்ளலாம்.

முதல் நாளிலேயே செவி எச்சரிக்கை தருகிறது. ஆனால் அதை யாரும் எச்சரிக்கையாகக் கொள்வதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவருக்குக் காதுக்குள் ‘கொய்ங்’ என்று ஒலிக்கும். உலகம் பஞ்சு பொதிந்ததுபோல் மங்கலாகக் கேட்கும். வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்பார். உறங்கி எழுந்து மறுபடி அதனை இயக்கும்போது அதே ஒலி காதைப் பிளக்கும். களைத்துப்போன செல்கள் உறக்கத்தில் தேறிவிட்டன என்பதே இதன் பொருள். இத்தற்காலிக இழப்பு நாள்தோறும் நிகழ்ந்து நாள்தோறும் தேறி, ஒரு காலத்துக்குப் பின் தேறாமற்போகிறது. காதில் ஒலித்தது நின்றுவிட்டதனால் ‘பழகிவிட்டது’ என்று தொழிலாளி சொல்லுவார். இச்சொல்லைக் கேட்கும் செவிலியர் நிம்மதி அடையக் கூடாது. கவலை கொள்ள வேண்டும்.

இந்நோய் புதியதன்று. செம்பைத் தட்டும் கன்னார்கள் செவிடாவதை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமாசீனி பதிவு செய்தார். 1886இல் கிளாஸ்கோ நகரின் மருத்துவர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைச் சோதித்தார். அவர்களுள் ஒருவருக்கும் இயல்பான கேள்திறன் இருக்கவில்லை. அவர் பயன்படுத்திய கருவி ஒரு கடிகாரத்தின் ‘டிக் டிக்’ ஓசை.

உயிர் கேட்கும், மெய் மறையும்

இரைச்சல் செவியைப் பொதுவாக மந்தமாக்குவதில்லை. ஓரிடத்தில் கடித்துத் தொடங்குகிறது. செவிக்குழாயின் நீளமும் வடிவமும் 3000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலிகளை இயல்பாகவே பெருக்குகின்றன. அதற்குச் சற்று மேலே, 4000 ஹெர்ட்ஸ் ஒலியை ஏற்கும் செல்கள் முதலில் அழிகின்றன. தாழ்ந்த ஒலிகளுக்குரிய செல்கள் நெடுங்காலம் தப்பிப் பிழைக்கின்றன.

இதன் விளைவைத் தமிழ் மாணவர் எவரையும்விடத் தெளிவாக உணர முடியும். நம் எழுத்திலக்கணம் உயிர், மெய் என இரண்டாகப் பகுத்திருக்கிறது. உயிரொலிகள் வலிமையானவை, அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் அமைகிறது. க், ச், ட், த், ப் முதலான வல்லின மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்காட்டும் நுண்ணொலிகள் மெலிந்தவை; பெரும்பாலும் உச்ச அதிர்வெண்களில் அமைகின்றன. ஆதலால், உச்ச ஒலிகளை இழந்த செவிக்கு உயிர்மெய்யின் உயிர் கேட்கும், மெய் மறையும். ‘கட்டு’, ‘தட்டு’, ‘பட்டு’ என்னும் மூன்று சொற்களும் அச்செவிக்கு ஏறத்தாழ ஒன்றே. ‘குரல் கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறீர்கள் என்று விளங்கவில்லை’ என்று நோயாளர் கூறுவது இதனால்தான். சுற்றியிருப்போர், ‘வேண்டியது மட்டும் காதில் விழுகிறது’ என்று கேலி செய்வதும் இதனால்தான். அவருக்கு உரக்கப் பேசினால் உயிரொலிகளே பெருகும், மெய்யொலிகள் தெளிவதில்லை. முகம் நோக்கி, நிறுத்தி, தெளிவாகப் பேசுவதே பயன் தரும்.

கேட்டறிதல்

செவி மதிப்பீடு, நோயாளர் அறைக்குள் நுழையும்போதே தொடங்கிவிடுகிறது. பெயர் சொல்லி அழைத்ததும் திரும்பினாரா, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்க்கிறாரா, பேசுபவரின் உதட்டையே நோக்குகிறாரா, தம் குரலைத் தேவைக்கு மேல் உயர்த்துகிறாரா என்பனவற்றைச் செவிலியர் கவனிக்கிறார். உட்செவியில் குறை உள்ளவர் தம் குரலே தமக்குச் சரியாகக் கேளாததால் உரக்கப் பேசுவது உண்டு. செவிக்குழாயோ நடுச்செவியோ அடைபட்டவருக்குத் தம் குரல் தலைக்குள் முழங்குவதால் அவர் மெல்லப் பேசக்கூடும்.

பின்னர் வினாக்கள். குறை ஒரு காதிலா, இரண்டிலுமா? திடீரென வந்ததா, சிறுகச் சிறுக வந்ததா? வலி, சீழ், அரிப்பு, காதிரைச்சல், தலைச்சுற்றல் உண்டா? ஒரு காதில் ஓரிரு நாள்களுக்குள் திடீரெனக் கேள்திறன் இழந்தவரை, ‘குறும்பிதான் அடைத்திருக்கும்’ என்று திருப்பி அனுப்பிவிடக் கூடாது. அது காத்திருக்க இயலாத நிலை. அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

உண்ணும் மருந்துகளையும் கேட்க வேண்டும். காசநோய்க்குச் செலுத்தப்படும் ஸ்ட்ரெப்டோமைசின், கடும் தொற்றுக்குத் தரப்படும் ஜென்டாமைசின் போன்றவை உட்செவிக்குத் தீங்கு செய்யக்கூடியவை. நீரிழிவு, இளமையில் வந்த காதுச் சீழ், குடும்பத்தில் எவருக்கேனும் செவிட்டுத்தன்மை ஆகியனவும் குறிப்பில் இடம்பெற வேண்டும்.

தொழில் பற்றிய வினாவே இங்கு உயிர்நாடி. ‘என்ன வேலை?’ என்று கேட்டால், ‘பனியன் கம்பெனி’ என்ற விடை வரும். அவ்விடையோடு நின்றுவிட்டால் மதிப்பீடு நின்றுவிடும். கம்பெனியில் எந்தப் பகுதி? செக்கிங்கா, தையலா, நிட்டிங்கா? அதற்கு முன் எங்கே? இன்று மேசையில் அமர்ந்து துணி மடிப்பவர், இருபது வயது முதல் நாற்பது வயது வரை தறி ஓட்டியவராக இருக்கலாம். எத்தனை ஆண்டு, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், இரட்டை ஷிப்ட் பார்த்ததுண்டா, காதில் ஏதேனும் செருகிக்கொள்வாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ‘பஞ்சு வைத்துக்கொள்வேன்’ என்று பலர் சொல்வர். சாதாரணப் பஞ்சு மிகக் குறைந்த அளவு ஓசையையே தடுக்கும். பாதுகாப்பு இருக்கிறது என்னும் எண்ணத்தை மட்டும் அது முழுமையாகத் தந்துவிடுகிறது.

இவ்வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் இங்கே பெருமளவில் பணிபுரிகின்றனர். சொன்னது புரியாமல் ஒருவர் விழித்தால், ‘தமிழ் தெரியாது’ என்று மேற்பார்வையாளர் முடிவு செய்துவிடுவார். அவருக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம். காது கேளாமலும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். மொழித்தடை, செவிக்குறையை மறைக்கும் திரையாகிவிடுகிறது. அவருடைய மொழி அறிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு வினவுவதும், அவருடைய மொழியின் எண்ணுப்பெயர்களையே சோதனைக்குப் பயன்படுத்துவதும் செவிலியரின் கடமை.

பார்த்தறிதல், தொட்டறிதல்

காது மடலின் நிறம், வீக்கம், புண், தழும்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். செவிக்குழாயின் வாயிலில் சிறு மேடுபோல் உள்ள குருத்தை அழுத்தும்போது வலித்தால் புறச்செவித் தொற்றை எண்ணலாம். காதுக்குப் பின்னுள்ள எலும்பு மேட்டில் வீக்கமும் வலியும் இருந்தால், நடுச்செவித் தொற்று எலும்புக்குப் பரவியிருக்கக்கூடும். அதனைக் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

அடுத்துச் செவிநோக்கி. செவிக்குழாய் நேரானதன்று, சற்றே வளைந்தது. பெரியவர்க்குக் காது மடலை மேலும் பின்னும் இழுத்தால் வளைவு நிமிர்ந்து உட்பகுதி தெரியும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கீழும் பின்னும் இழுக்க வேண்டும். நலமுள்ள செவிப்பறை முத்துச்சாம்பல் நிறத்தில் மினுங்கும். ஒளி அதன்மேல் பட்டுக் கூம்புபோல் தெறிக்கும். வலக்காதில் கடிகாரத்தின் 5 மணித் திசையிலும், இடக்காதில் 7 மணித் திசையிலும் அதனைக் காணலாம். பறை சிவந்து புடைத்திருந்தாலோ, ஓட்டை இருந்தாலோ, பின்னால் நீர் தேங்கியிருந்தாலோ அவ்வொளி மங்கும் அல்லது இடம் மாறும்.

பலருக்குப் பறையைப் பார்க்கவே இயலாதபடி குறும்பி அடைத்திருக்கும். குறும்பி அழுக்கன்று, செவிக்குழாயைக் காக்கச் சுரக்கும் பொருள். அது தானாகவே மெல்ல வெளியேறும் தன்மையது. கொண்டை ஊசி, ஊக்கு, தீக்குச்சி ஆகியவற்றால் குடைவோர் அதனை உள்ளே தள்ளிவிடுகின்றனர். காய்ச்சிய எண்ணெயை ஊற்றும் வழக்கமும் இன்னும் மறையவில்லை. பறையில் ஓட்டை உள்ளவரின் காதில் ஊற்றப்படும் எண்ணெய் நடுச்செவிக்குள் இறங்கித் தொற்றை வளர்க்கும். சூடு மிகுந்தால் தோலும் பறையும் வெந்துபோகும். குறும்பியை நீர் பீய்ச்சி எடுக்கும்போது, நீர் உடல் வெப்பநிலையில் இருக்க வேண்டும். குளிர்ந்த நீர் உட்செவியின் சமநிலை உறுப்பைத் தூண்டித் தலைச்சுற்றலை உண்டாக்கிவிடும். சீழ் வடியும் காதிலும், பறை ஓட்டையானது என்று ஐயுறும் காதிலும் நீர் பீய்ச்சுதல் அறவே கூடாது.

குறும்பி நீங்கியதும் ‘இப்போது நன்றாகக் கேட்கிறது’ என்று முகம் மலரும் நோயாளர் உண்டு. அரைமணி நேரத்தில் தீரும் குறையும், என்றுமே தீராத குறையும் ஒரே சொற்களால் சொல்லப்பட்டு ஒரே வாயிலுக்கு வருகின்றன. அவற்றைப் பிரித்தறிவதற்கே அடுத்துவரும் சோதனைகள்.

இசைக்கவை சொல்வதும் சொல்லாததும்

மிக எளிய சோதனை முணுமுணுப்புச் சோதனை. செவிலியர் நோயாளருக்குப் பின்னால் கைநீட்டும் தொலைவில் நின்று, ஒரு காதின் குருத்தை அழுத்தித் தேய்த்து அக்காதை விலக்கி வைத்துவிட்டு, மூச்சை வெளிவிட்டபின் மெல்லிய குரலில் எண்களையும் எழுத்துகளையும் கலந்து சொல்கிறார். நோயாளர் திரும்பச் சொல்ல வேண்டும். பின்னால் நிற்பதைச் சிலர் சிறு விதி என்று தவிர்த்துவிடுகின்றனர். தறிக்கூடத்தில் பல்லாண்டு உதட்டசைவைப் படித்துப் பழகியவர், எதிரே நின்று முணுமுணுத்தால் ஒரு சொல்லும் செவியில் விழாமலே அனைத்தையும் சரியாகச் சொல்லிவிடுவார்.

இசைக்கவை 1711இல் ஆங்கில இசைக் கலைஞர் ஜான் ஷோர் உருவாக்கிய கருவி. இசைக்கருவிகளுக்குச் சுருதி சேர்க்கப் பிறந்தது, பின்னர் மருத்துவரின் பைக்குள் புகுந்தது. செவிச் சோதனைக்குப் பெரும்பாலும் 512 ஹெர்ட்ஸ் கவையைப் பயன்படுத்துகின்றனர். ரின்னே சோதனையில், அதிரும் கவையின் அடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்து, ஒலி நின்றதும் கவையின் முனைகளைச் செவிக்குழாயின் முன் பிடிக்கின்றனர். நலமுள்ள செவிக்கு ஒலி மீண்டும் கேட்கும். காற்றின் வழியே கேட்டல் எலும்பின் வழியே கேட்டலினும் வலிமையானது. குறும்பியோ, நடுச்செவி நீரோ, பறை ஓட்டையோ வழியை மறித்தால் நிலை தலைகீழாகி, எலும்பின் வழியே மிகுதியாகக் கேட்கும். வெபர் சோதனையில் கவையை நெற்றியின் நடுவில் வைக்கின்றனர். வழி மறிபட்ட குறையில் ஒலி குறையுள்ள காதுப்பக்கம் ஒதுங்கும். நரம்பு சார்ந்த குறையில் நல்ல காதுப்பக்கம் ஒதுங்கும்.

இவ்விரண்டும் அழகான சோதனைகள். ஆயினும், இரைச்சலால் பாதிக்கப்பட்டவரிடம் இவை நம்மை ஏமாற்றக்கூடும். இரைச்சல் இரு செவிகளையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தாக்குவதால், வெபர் சோதனையில் ஒலி நடுவிலேயே நிற்கும். வழி மறிபடாததால் ரின்னே சோதனையும் இயல்பாகவே அமையும். கவையின் ஒலியோ 512 ஹெர்ட்ஸ்; அழிவு தொடங்குவதோ 4000 ஹெர்ட்ஸில். கவையை மட்டும் நம்பி ‘குறையில்லை’ என்று எழுதிவிட்டால், தொழிலாளி மறுநாள் காலை அதே கூடத்துக்கு அதே செவிகளோடு திரும்புவார்.

வரைபடமும் உரிமையும்

ஐயம் தீர்ப்பது ஆடியோமீட்டர். ஒலி புகாத அறையில், 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை ஒவ்வொன்றாகச் செலுத்தி, கேட்கும் மிகக் குறைந்த அளவைத் தாளில் குறிக்கின்றனர். இரைச்சலால் பாதிக்கப்பட்ட செவியின் கோடு 4000 ஹெர்ட்ஸில் பள்ளமாக இறங்கி 8000இல் சற்றே ஏறும். முதுமையால் வரும் குறையில் கோடு இறுதிவரை சரிந்துகொண்டே போகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டில், நல்ல செவியின் அளவு 20 டெசிபலுக்குக் குறைவாக இருப்பதே இயல்பான கேள்திறன்.

இச்சோதனைக்கு நேரம் முக்கியம். ஷிப்ட் முடிந்த உடனே சோதித்தால் தற்காலிகக் களைப்பும் சேர்ந்து பதிவாகிவிடும். ஏறத்தாழ 14 மணி நேரமாவது இரைச்சலிலிருந்து விலகியிருந்தவரையே சோதிக்க வேண்டும். விடுமுறைக்குப் பின் வேலை தொடங்கும் முன்னுள்ள காலைப்பொழுது அதற்கு ஏற்றது. ‘வந்ததோடு வந்ததாகப் பார்த்துவிடுவோம்’ என்று உணவு இடைவேளையில் வரிசையாக நிறுத்திச் சோதிப்பது வேலையைக் குறைக்கும், உண்மையையும் குறைக்கும்.

தீர்வைப் பொறுத்தவரை, எந்திரத்தைப் பழுதின்றிப் பேணுவதும், நாடாவில்லாத் தறிக்கு மாறுவதும், இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே குறைப்பதும் முதன்மையானவை. அவை முதலாளியின் கையில் உள்ளன. செவிலியர் கையில் உள்ளது காதடைப்பான். நுரைப்பஞ்சு அடைப்பானை விரல்களால் உருட்டி மெலிதாக்கி, மறுகையால் தலைக்கு மேலாகக் காது மடலை இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி அது விரிந்து நிறையும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். கையில் கொடுத்து அனுப்பினால் பெரும்பாலோர் காதின் வாயிலில் ஒட்ட வைத்துக்கொள்வர். ஒருமுறை செய்து காட்டி, அவரையே செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இந்நோயைச் சட்டமும் அறிந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் இரைச்சலால் வரும் கேள்திறன் இழப்பைச் சேர்த்தது. 500 தொழிலாளருக்கு மேல் பணிபுரியும் இடங்களில் செவிலியரைக் கொண்ட மருத்துவ உதவி அறை இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் வகுத்தது. அதே ஆண்டின் ஊழியர் அரசு காப்பீட்டுச் சட்டமும் இதனைத் தொழில்சார் நோயாக ஏற்று இழப்பீட்டுக்கு வழி செய்தது. ஆனால், வீட்டோடு சேர்ந்த கூடத்தில் எட்டுத் தறி ஓட்டும் குடும்பத்துக்கு உதவி அறையும் இல்லை, செவிலியரும் இல்லை. அவர்கள் செல்லக்கூடிய இடங்கள் ஆரம்பச் சுகாதார நிலையமும், அரசு மருத்துவமனையும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியுமே. அங்கே இரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியர் ‘என்ன வேலை, எத்தனை ஆண்டு?’ என்று கூடுதலாக இரு வினாக்கள் கேட்பதைப் பொறுத்தே அவர்களுடைய செவியின் கதை வெளிவரும்.

இழப்பீடு பெறுவதற்குச் சான்று வேண்டும். வேலையில் சேர்ந்த நாளில் எடுத்த வரைபடம் இல்லையென்றால், குறை இந்த ஆலையில் வந்ததா, முந்தைய ஆலையில் வந்ததா, முதுமையில் வந்ததா என்னும் வழக்கில் தொழிலாளியின் சொல்லுக்குத் துணையாக எதுவும் நிற்பதில்லை. முதல் நாள் வரைபடமும் ஆண்டுதோறும் எடுக்கும் வரைபடமும் அருகருகே இருந்தால், இழப்பு தொடங்கிய ஆண்டையே சுட்டிக்காட்டலாம். இழப்பு வளர்வதற்கு முன் அவரை வேறு பகுதிக்கு மாற்றவும் செய்யலாம்.

ஆகவே செவிலியர் எழுதும் குறிப்பு மருத்துவ ஆவணமாகவும் உரிமை ஆவணமாகவும் ஆகிறது. ‘காது கேட்கவில்லை என்கிறார்’ என்று ஒரு வரி எழுதுவது எளிது. தேர்ந்த செவிலியரின் குறிப்போ இப்படி அமையும்: ‘வயது 46. விசைத்தறியில் 22 ஆண்டு, நாளொன்றுக்கு 12 மணி நேரம். கடந்த 3 ஆண்டாகத் துணி மடிக்கும் பணி. காதில் பஞ்சு மட்டும் வைத்துள்ளார். இரு காதுகளிலும் சிறுகச் சிறுகக் குறை, 6 ஆண்டாக, காதிரைச்சல் உண்டு, வலி, சீழ், தலைச்சுற்றல் இல்லை. செவிக்குழாய் தெளிவு, செவிப்பறை இயல்பு. முணுமுணுப்பு, இரு காதுகளிலும் ஆறில் இரண்டு. ரின்னே, வெபர் இயல்பு. கடைசியாக இரைச்சலில் இருந்தது 3 ஆண்டுக்கு முன். கேள்திறன் வரைபடத்துக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவருக்கும் அனுப்பப்பட்டார்.’